காதைச் சொறியும் நாய்: ஈரமா, முடியா, தோலா?

பினாங்குத் தீவின் கெலுகோர் ஊருக்குப் பெயர் தந்தது ஒரு புளிப்பு மரம். அசாம் கெலுகோர் காயை மெல்லிய வில்லைகளாகச் சீவி நாலைந்து நாள் வெயில் காட்டினால், கறுத்துச் சுருங்கி, அசாம் லக்சாவுக்கும் மீன் குழம்புக்கும் போடும் அசாம் கெப்பிங் தயார். நடுவில் ஒரு மழை புகுந்து, அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடித்துவிடும். செருப்பு, தலையணை, பழைய புத்தகம் என்று இந்தத் தீவில் எதை ஈரத்தோடு மூடிவைத்தாலும் இதே கதைதான். அந்த வரிசையில் நாம் எளிதில் மறந்துவிடுவது, சோபாவுக்கு அடியில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருக்கும் சின்ன நாயின் காது.

தாமான் துன் சார்டோன், மிண்டன் ஹைட்ஸ், ஐலண்ட் கிளேட்ஸ் பக்கம் மாலையில் நடந்தால் எத்தனையோ ஷிட்சு, மால்டீஸ், பூடில், பொமரேனியன்களைப் பார்க்கலாம். அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்கும் அளவு, மடியில் ஏறிக்கொள்ளும் குணம். இவற்றை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறையும் ஒன்றுதான்: நாய் தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைப் பிறாண்டுகிறது, கிட்டே வந்தால் புளித்த தோசை மாவு வாடை. அதற்குக் கிடைக்கும் ஆலோசனைகளும் மனப்பாடம். “குளிப்பாட்டும்போது தண்ணி போயிருக்கும்.” “காதுக்குள்ள முடி மண்டிக் கிடக்கு, கடையில கொடுத்துப் பிடுங்கிடுங்க.” “ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்க, சரியாப் போயிடும்.”

முதல் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவது நல்ல மனத்தோடு சொல்லப்படும் தவறு. ஈரமும் முடியும் காது நோய்க்கு வழி விடுகின்றன. ஆனால் பெரும்பாலும் நோயைத் தொடங்கிவைப்பது அவை அல்ல, தோல். காதுக்குழாய் என்பது உள்ளே மடிந்து போன தோல்தானே. உடம்பெல்லாம் இருக்கும் அரிப்பு அங்கே முதலில் தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் ஒரே நாய்க்கு ஆண்டுக்கு நாலு முறை சொட்டு மருந்து வாங்குகிறோம்.

‘ட’ வடிவக் குழாய்

மனிதக் காதின் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கு அப்படியில்லை. காதுக்குழாய் மேலிருந்து செங்குத்தாக இறங்கி, அடியில் திரும்பி, கிடைமட்டமாகச் செவிப்பறைக்குப் போகிறது. ‘ட’ என்ற எழுத்தை மனத்தில் எழுதிப் பார்த்தால் போதும். உள்ளே போன தண்ணீரோ பஞ்சுத் துணுக்கோ அந்தத் திருப்பத்தில் தங்கிவிட்டால் தானாக மேலேறி வருவது கடினம். சின்ன நாய்க்குக் குழாயும் ஒடுக்கம், கொஞ்சம் வீங்கினாலே அடைபட்டுவிடும்.

இயற்கை இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. செவிப்பறையில் பிறக்கும் தோல் செல்கள் மெதுவாக வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, குறும்பியையும் தூசியையும் சுமந்துகொண்டு வாசலுக்கு வருகின்றன. நலமாக இருக்கும் காது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். அங்கே தெரியும் வாடையற்ற வெளிர்பழுப்புக் குறும்பி அழுக்கல்ல, காப்பு. அழற்சி வந்துவிட்டால் இந்த நகர்வு நின்றுபோகிறது. சுரப்பிகள் பெருத்துக் கூடுதலாகக் குறும்பி சுரக்கின்றன, சுவர் தடிக்கிறது, துளை குறுகுகிறது. பல முறை இப்படி ஆன காதில் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாயே கல்லாக இறுகிவிடலாம். அந்தக் கட்டத்தில் சொட்டு மருந்து உள்ளே போக வழியில்லை, குழாயை முழுதாக அறுத்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சைதான் மிச்சம்.

கால்நடை மருத்துவ அறிஞர் ஜான் ஆகஸ்ட் 1988இல் காது நோயின் காரணங்களை மூன்றாகப் பிரித்தார்: தொடங்கிவைப்பவை, வழிசெய்பவை, நீடிக்கச் செய்பவை. பின்வந்தவர்கள் மேலே வந்து குடியேறும் தொற்றுகளைத் தனி வகையாக்கினார்கள். இன்றும் மருத்துவர்கள் காதைப் பார்ப்பது ஏறக்குறைய இந்தச் சட்டகத்தில்தான். முடியும் ஈரமும் தொங்கு காதும் வழிசெய்பவை. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பின்னால் வந்து குடியேறுபவை. ஒவ்வாமை, காதுப்பூச்சி, உள்ளே போன புல்முள் போன்றவை தொடங்கிவைப்பவை. நாம் சண்டை போடுவதெல்லாம் வழிசெய்பவற்றோடும் குடியேறுபவற்றோடும்தான்.

முடி: பிடுங்குவதா, விடுவதா?

நீளமுடி நாய்களை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்ப்பது முதல் தவறு. பொமரேனியனுக்கும் பாப்பியோனுக்கும் மேனியெல்லாம் முடி, ஆனால் காது நிமிர்ந்து காற்றாட நிற்கிறது. யார்க்‌ஷயர் டெரியரும் பெரும்பாலும் அப்படியே. ஷிட்சு, லாசா அப்சோ, மால்டீஸ், பூடில் இவற்றுக்குக் காது தொங்குகிறது, மடல் மேல் முடி கனக்கிறது, குழாய்க்குள்ளும் முடி வளர்கிறது. கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலுக்கு உள்முடி குறைவு என்றாலும் மடல் கனமான திரைச்சீலை.

காதின் அமைப்புக்கு எவ்வளவு பங்கு? பிரிட்டனில் 22,333 நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஓர் அளவு தருகிறது. ஓராண்டில் நூற்றுக்கு ஏழு நாய்களுக்கு வெளிக்காது அழற்சி. நிமிர்ந்த காது நாயோடு ஒப்பிட்டால் தொங்கு காது நாய்க்கு வாய்ப்பு சுமார் 1.8 மடங்கு. இது சிறிய வித்தியாசமில்லை. ஆனாலும் தொங்கு காது நாய்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு நோயில்லாமல்தான் இருந்தன. ஆகவே காதின் வடிவம் வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவே.

உள்முடியைப் பிடுங்குவது பற்றி நெடுங்காலமாக இரு கட்சி உண்டு. முடி காற்றைத் தடுக்கிறது, குறும்பியைப் பிடித்துவைக்கிறது, ஆகவே மாதாமாதம் பிடுங்க வேண்டும் என்பது குரூமிங் கடைகளின் பழைய வழக்கம். இடுக்கியால் ஒரு கொத்து முடியைப் பிடுங்கும்போது ஒவ்வொரு வேரிலும் ஒரு நுண்காயம் உண்டாகிறது, அந்தக் காயமே அழற்சியைத் தொடங்கிவைக்கலாம் என்பது தோல் மருத்துவர்களின் எச்சரிக்கை. இன்று பலரும் ஏற்கும் நடுவழி இது: நலமாக இருக்கும் காதில் கைவைக்காதீர்கள். நோய் வந்து, முடி மருந்தைத் தடுக்கிறது என்றால் மட்டும் மருத்துவர் எடுக்கட்டும், வலித்தால் மயக்கம் கொடுத்து எடுக்கட்டும். மடலின் உட்புறத்திலும் துளையின் வாசலைச் சுற்றியும் முடியை ஒட்ட நறுக்குவதில் கெடுதல் இல்லை, காற்றுக்கு வழி கிடைக்கும்.

உள்முடியைவிட அதிகம் கவனிக்க வேண்டியது காதுக்குப் பின்னாலிருக்கும் பட்டு முடி. அங்கேதான் முதலில் சிக்கு விழும். சொறியச் சொறியச் சிக்கு சடையாகும், சடை தோலை இழுக்கும், அடியில் வேர்வைப் புழுக்கம்போல் ஈரம் தங்கும், அதனால் இன்னும் அரிக்கும். குளிப்பாட்டும் முன்பே சீப்பால் சிக்கெடுக்க வேண்டும், நனைந்தால் சடை இறுகிவிடும். கத்தரிக்கோலை அடியில் விடவே கூடாது. காதோரத் தோல் காகிதம்போல் மெல்லியது, சடையோடு சேர்ந்து தோலும் வெட்டுப்படும்.

ஈரம்: எல்லோருக்கும் பொதுவான பழி

தீவில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை. பகலில் 32 டிகிரி, இரவில் 24. காற்றிலே எந்நேரமும் ஈரம். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போகும். இந்தப் பருவம் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம்.

நாய்க்காதின் ஈஸ்ட்டுக்கு மலாசீசியா பேக்கிடெர்மாட்டிஸ் என்று பெயர். அதை முதலில் விவரித்தது 1925இல், ஃபிலடெல்பியா விலங்குக்காட்சி சாலையில் தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடமிருந்து. தடித்தோல் விலங்கின் பெயரைச் சுமந்துகொண்டு மால்டீஸின் மெல்லிய காதில் அது வாழ்கிறது. நலமான நாயின் காதிலும் சில இருக்கும், குற்றமில்லை. கொழுப்பும் ஈரமும் வெதுவெதுப்பும் கூடும்போதுதான் பல்கிப் பெருகிப் பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் கிளம்பும்.

அப்படியானால் ஈரம்தானே குற்றவாளி? ஒரே வீட்டில், ஒரே மழையில், ஒரே ஷாம்பூவில் குளிக்கும் இரண்டு ஷிட்சுவில் ஒன்று மட்டும் ஏன் சொறிகிறது? ஈரம் இரண்டுக்கும் பொது. வேறெங்கோ வித்தியாசம் இருக்க வேண்டும். ஈரத்தின் வேலை, தொடங்கிய சின்னப் பிரச்சினையை இங்கே விரைவில் பெரிதாக்குவது.

காதுக்குள் யார் யார்?

எங்கள் வீட்டு ஷிட்சுவை மூன்றாம் முறை காட்டியபோது, மருத்துவர் பஞ்சுக் குச்சியால் காதிலிருந்து கொஞ்சம் மெழுகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் உருட்டினார். நீலச் சாயத்தில் முக்கி, கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்து, “வந்து பாருங்க” என்றார். ஊதா நிறத்தில் நூற்றுக்கணக்கில் நிலக்கடலைகள். நடுவில் இடுங்கி இரண்டு பக்கமும் பருத்த அந்த வடிவம்தான் ஈஸ்ட். ஐந்து நிமிட வேலை. முந்தைய இரண்டு முறையும், வேறோர் இடத்தில், தகடு எடுக்காமலே சொட்டு மருந்து கிடைத்திருந்தது.

அந்தத் தகடு ஏன் முக்கியம்? ஈஸ்ட்டுக்கு ஒரு மருந்து, உருண்டைப் பாக்டீரியாவுக்கு வேறு, குச்சிப் பாக்டீரியாவுக்கு இன்னொன்று. உருண்டை பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ். குச்சி வடிவம் தெரிந்தால் சூடோமோனாஸ் பற்றிய கவலை வரும். பச்சை மஞ்சள் சீழ், கடும் நாற்றம், தொட விடாத வலி, உள்ளே புண். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காதது. அலமாரியில் மிச்சமிருந்த பழைய சொட்டை இப்படிப்பட்ட காதில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

கண்ணுக்குக் காபித்தூள்போல் உலர்ந்த கறுப்புத் துகள் தெரிந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம். குட்டிகளிடமும், பூனையோடு சேர்ந்து வளரும் நாய்களிடமும் இது கூடுதல். பூச்சியின் வாழ்க்கைச் சுற்று சுமார் மூன்று வாரம். அஃபாக்சோலனர், ஃப்ளூராலனர் போன்ற புதிய மருந்துகள் எடைக்கேற்பக் கொடுத்தால் நன்றாக வேலை செய்கின்றன. வீட்டிலுள்ள பூனைக்கும் அதற்குரிய சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும். இதே மருந்துகள் உண்ணிக்கும் ஆகும். காது மடலின் உள்மடிப்பு உண்ணிக்குப் பிடித்த இடம், நீளமுடியில் அது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காது விளிம்பு பொருக்குத் தட்டி, அதை விரலால் தேய்த்தவுடன் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் சிரங்குப் பூச்சி என்று சந்தேகப்படலாம். வீட்டு மனிதருக்கும் கையில் அரித்தால் சந்தேகம் வலுக்கிறது.

மைதானத்தில் ஓடிவிட்டு வந்த நாய் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தலையை உதறினால், நம் கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முள்விதை நீளமுடியில் தொற்றிக் காதுக்குள் இறங்கிவிடும். வீட்டில் தோண்டி எடுக்க முயன்றால் ‘ட’வின் அடிவரை தள்ளிவிடுவோம்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. சில கவலியர் நாய்கள் நடக்கும்போதே கழுத்தோரம் காற்றில் சொறியும், கால் தோலைத் தொடாது. அது அரிப்பல்ல, மண்டையோட்டின் பின்பகுதி இடம் போதாமல் தண்டுவடத்தில் நீர் கட்டும் நரம்பு நோயாக இருக்கலாம். காதை எத்தனை முறை கழுவினாலும் அது தீராது.

தோல்: கதை தொடங்கும் இடம்

இவற்றையெல்லாம் கழித்த பின்பும் திரும்பத் திரும்ப வரும் காது நோய்க்கு முதல் காரணமாக நிற்பது ஒவ்வாமை. வீட்டுத் தூசிப்பூச்சி, பூஞ்சை வித்து, மகரந்தம் போன்றவற்றால் வருவது ஒன்று. உணவால் வருவது மற்றொன்று. பல நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சில நாய்களுக்குக் காதைத் தவிர வேறெங்கும் அறிகுறியே தெரியாது.

க்ளோட் ஃபாவ்ரோ என்ற தோல் மருத்துவரும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட அடையாளப் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. மூன்று வயதுக்கு முன் தொடங்குவது, பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்வது, முன்னங்கால் பாதம் பாதிக்கப்படுவது, காது மடல் பாதிக்கப்பட்டும் காது விளிம்பு பாதிக்கப்படாதது ஆகியவை அதில் அடக்கம். அடுக்குமாடியில் வளரும் சின்ன நாய்க்கு இதில் ஒன்று ஏற்கெனவே பொருந்துகிறது. ஏர்கண்டிஷன் அறை, மெத்தை, சோபா, கம்பளம் எல்லாம் தூசிப்பூச்சியின் வீடு. நாயின் படுக்கை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது சின்ன வேலையாகத் தெரியும், ஆனாலும் மருத்துவமே.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் உமிழ்நீர்ப் பரிசோதனையும் விற்கிறார்கள். அவற்றை நம்பி முடிவெடுக்க முடியாது. நம்பக்கூடிய வழி பத்தியம் ஒன்றுதான். நாய் இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியோ, புரதம் நுண்துண்டுகளாக உடைக்கப்பட்ட சிறப்பு உணவோ, எட்டு வாரம் அது மட்டுமே. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்துக்கு ஒன்பது எட்டு வாரத்துக்குள் தேறிவிடுகின்றன என்று 2015இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. பிறகு பழைய உணவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அரிப்பு மீண்டும் வந்தால்தான் நிரூபணம். எந்த உணவு? 2016இல் வெளியான மற்றொரு தொகுப்பில் மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பால் பொருள் 17, கோழி 15, கோதுமை 13.

இந்தப் பத்தியத்தை நம் வீடுகளில் நடத்துவதுதான் பெரும்பாடு. பாட்டி தயிர்சாத உருண்டை தருவார், பிள்ளை ரொட்டி சானாய் பிய்த்துப் போடும், அப்பா நாசி கண்டார் பொட்டலத்திலிருந்து கோழித் துண்டு எறிவார். கறியிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பது தனிக்கதை. பலர் கோட்டைவிடும் இடம் மாத்திரை. கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் கொடுக்கும் மெல்லும் மாத்திரை பெரும்பாலும் இறைச்சிச் சுவை சேர்த்தது. பத்தியக் காலத்தில் சுவையில்லாத மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும், மருந்தையே நிறுத்திவிடக் கூடாது.

காற்றிலும் தூசியிலும் உள்ளவற்றால் வரும் ஒவ்வாமைக்குத் தீர்வு கட்டுப்பாடுதான், முழு நிவாரணம் அரிது. ஸ்டீராய்டு விரைவில் அடக்கும், நீண்ட நாள் கொடுத்தால் தாகம், எடை, கல்லீரல் என்று விலை கேட்கும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லசிட்டினிப் மாத்திரையும், அதற்குப் பின் வந்த லோகிவெட்மாப் ஊசியும் அரிப்பின் சமிக்ஞையையே தடுப்பவை. செலவு கூடுதல். ஆனால் ஆண்டு முழுக்க வாங்கும் சொட்டு மருந்துப் புட்டிகளையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

நலமான காதைத் தினமும் கழுவக் கூடாது. ஓயாத ஈரம் தோலை ஊறவைத்து வலுவிழக்கச் செய்யும். தொந்தரவு வரும் வாய்ப்புள்ள நாய்க்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று, குளித்த பிறகு ஒன்று போதும். நாய்க்கென்றே விற்கும் காது கழுவும் திரவத்தை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து குளிர்ச்சி போக்குங்கள். மடலைத் தூக்கித் துளை நிரம்ப ஊற்றுங்கள். காதடியில் குருத்தெலும்பு கையில் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் பிசையுங்கள், ‘சளக் சளக்’ என்று கேட்க வேண்டும். பிறகு விலகி நில்லுங்கள், அது உதறட்டும். உதறலில் மேலே வந்ததை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அது அழுக்கை ‘ட’வின் அடியில் குத்திவைக்கும்.

இனி எண்ணெய். சமையலுக்கும் கூந்தலுக்கும் நாம் நம்பும் தேங்காய் எண்ணெய் இங்கே உதவாது. எண்ணெய் குறும்பியோடு கலந்து குழாயை அடைக்கும், ஈரத்தைப் பூட்டிவைக்கும், கொழுப்பு தின்று வாழும் ஈஸ்ட்டின் வாசலில் கொழுப்பையே ஊற்றுவதாகும். வேப்பெண்ணெய் வாடை மேல் வாடை. டீ ட்ரீ ஆயில் நாய்க்கு நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், நீர் கலக்காத காடி இவை புண்ணான தோலை எரிக்கும்.

சொட்டு மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கலாம், ஜென்டாமைசின் அவற்றில் ஒன்று. ஆகவே மருந்து விடுவதற்கு முன் உள்ளே பார்க்க வேண்டும், சொறிவது நின்றவுடன் நிறுத்தாமல் மறுபரிசோதனையில் தகடு சுத்தமானதும் நிறுத்த வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்தால், நடை தள்ளாடினால், முகம் ஒரு பக்கம் தொங்கினால் நோய் நடுக்காதையோ உட்காதையோ எட்டியிருக்கலாம், அன்றே போங்கள். உதறி உதறிக் காது மடல் தலையணைபோல் உப்பினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அதுவும் காத்திருக்காது. விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

எங்கள் ஷிட்சுவின் முன்பாதங்களில் வெள்ளை முடி துருப்பிடித்த நிறமாகிக் கிடந்தது. இரண்டு ஆண்டாக அதை மைதானத்து மண் என்றே நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது எச்சில் கறை. இரவெல்லாம் பாதத்தை நக்கியிருக்கிறது. காதைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே அதன் முன்னங்காலைத் தூக்கி விரல் இடுக்கை விரித்துப் பார்த்தார் மருத்துவர். நான் இரண்டு ஆண்டு காதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது பாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.